மீன்மேல் போட்ட பழி

சூப்புக் கிண்ணம் மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வழுக்கிப் போனது. அங்கே கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு திரும்பி செக்கிங் இன்ஸ்பெக்டரிடமே வந்து சேர்ந்தது. அவர் அதைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தார். சுவரும் மேலே போய்க் கீழே வந்தது.

"ஏங்க, அந்த முட்டை உங்களுக்கு வேணாமா?" என்றாள் மனைவி.

"வேணும்னுதான் வச்சிருக்கேன். கடைசியா சாப்பிடுவேன்."

"முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கே?"

"அது இந்த விளக்கு வெளிச்சம். உன் முகமும் அப்படித்தான் இருக்கு."

அவள் முகம் அப்படி இல்லை. பொரித்த மீன் இரண்டு துண்டு, ரொட்டி நாலு, தன் பங்கு முட்டை எல்லாம் உள்ளே போய், கன்னம் இரண்டும் பளபளவென்று இருந்தன. கை நீட்டி அவர் தட்டிலிருந்த முட்டையையும் எடுத்துக்கொண்டாள். அவள் அதைக் கடித்தபோது இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

கப்பல் புறப்பட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னும் இரண்டு நாள் கடல். அக்கரையில் இருக்கும் மனைவியின் தங்கை வீட்டுக்கு ஒரு மாத லீவில் போகிறார்கள். "போற வழியில காத்து கொஞ்சம் பலமா இருக்கும்" என்று டிக்கெட் கொடுத்தவன் முன்கூட்டியே சொன்னான். "தம்பி, நான் யார் தெரியுமா?" என்று இவர் சிரித்தார். அவனுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுவோம்.

இவர் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். ஒரு நாளும் கம்பியைப் பிடித்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவர்தான் சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன், என் கண்ணுக்குத் தப்பி ஒருத்தன் பொய் சொல்ல முடியாது என்பதும் அவர் சொல்வதுதான்.

வீட்டில் இந்தப் பெருமைக்கெல்லாம் மதிப்பு கிடையாது. மனைவி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குப் படிப்பு அதிகம், சம்பளம் அதிகம், ஞாபகசக்தி அதிகம். பிள்ளைகள் அவள் பேச்சைத்தான் கேட்டார்கள். குழாய் ரிப்பேர்கூட அவளுக்குத்தான் வந்தது. சதுரங்கம் ஆடினால் பத்தாவது நிமிஷம் இவர் காயை எல்லாம் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளைவிட இவர் உசத்தி என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவளுக்கு பஸ் ஒத்துக்காது.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மனிதர் என்ன ஆட்டம் ஆடினார்! "எங்க அக்கா வீட்டுல எத்தனை விசேஷம் நடந்திருக்கு! ஒண்ணுக்காவது இவ வந்து சேர்ந்திருப்பாளா? ரெண்டாவது ஸ்டாப்பு தாண்ட மாட்டா. கண்ணு சொருகிடும். இறக்கி விட்டுட்டு நான் மட்டும் போவேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் பொண்டாட்டிக்கு பஸ் ஒத்துக்கலைன்னா ஊரு சிரிக்காது?" ஊர் சிரிக்கத்தான் செய்தது, இவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னதால். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

இப்போது அந்த ஒரே சொத்து சூப்புக் கிண்ணத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் எதிரில் ஒரு தடவை வாயைப் பொத்தினால் போதும், இருபத்திரண்டு வருஷப் பெருமை கடலோடு போய்விடும். செத்தாலும் சாவேன், குமட்ட மாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டார்.

"கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்" என்று எழுந்தார்.

வெளியே நடைவழி. ஆள் இல்லை. தொழில் தெரிந்தவர் அல்லவா, பஸ்ஸில் நிற்கிற மாதிரி காலை அகட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் பஸ்ஸுக்கு இடம், வலம் இரண்டுதான். கப்பலுக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு, இந்த நாலையும் சேர்த்துப் பிசைந்த ஐந்தாவது ஒன்றும் உண்டு. அந்த ஐந்தாவது வந்தபோது இன்ஸ்பெக்டர் முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கம்பியைத் தேடினார். கம்பி இல்லை. கையில் சிக்கியது கப்பலின் சமையல்காரர். அவர் கையில் ஒரு பெரிய தட்டு நிறையப் பொரித்த மீன்.

அந்தத் தட்டின்மேல்தான் அது நடந்தது.

சாப்பாட்டுக் கூடமே எழுந்து வந்து பார்த்தது. முன்னால் மனைவி.

"ஐயோ, என்னங்க ஆச்சு? கடல் ஒத்துக்கலையா?"

"கடலா? எனக்கா?" இன்ஸ்பெக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்படி டிக்கெட் கேட்ட தொண்டை அது. "மீனு! மீனு கெட்டுப் போச்சு! கெட்டுப் போன மீனைப் போட்டு ஆளைக் கொல்லப் பாக்கறாங்க!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"காலைல துள்ளிக்கிட்டிருந்த மீனுய்யா அது! பதினேழு வருஷமா இந்தக் கப்பல்ல சமைக்கிறேன். ஒருத்தர் ஒரு சொல் சொன்னது கிடையாது" என்று சமையல்காரர் பதறினார்.

அவர் பேச்சை யார் கேட்டார்கள்? அதுவரைக்கும் ஆளுக்கொரு தூணைக் கட்டிக்கொண்டு, யாரும் பார்க்காமல் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு இது தெய்வவாக்கு மாதிரி இருந்தது. கடல் ஒத்துக்காத கோழை என்று பேர் வாங்குவதைவிட, கெட்ட மீனுக்குப் பலியான அப்பாவி என்று பேர் வாங்குவது கௌரவம்தானே. "நான் அப்பவே நினைச்சேன்" என்றார் ஒருவர். "வாயில வச்சதுமே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார் இன்னொருவர். மாலைக்குள் மீன் தின்று படுத்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் நாலு பேர் சைவம்.

கப்பல் டாக்டர் வந்தார். அவருக்கு இந்தக் கடலும் தெரியும், இந்த முகங்களும் தெரியும்.

"கடல் மயக்கமா இருக்கும். ஒரு மாத்திரை தரேன், அரை மணி நேரத்துல எழுந்து உக்காந்துடுவீங்க" என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு அந்த மாத்திரையைப் பிடுங்கித் தின்ன வேண்டும்போல இருந்தது. மனைவி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், முப்பது வருஷம் ஓடுற பஸ்ல கம்பி பிடிக்காம நின்னவன் நான். எனக்கு மயக்கம்னா என்னன்னே தெரியாது. இது மீனுதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப வைத்தியம் வேற" என்றார் டாக்டர். மாத்திரை திரும்பப் பைக்குள் போனது. "உள்ள இருக்கற விஷம் பூரா வெளியே வரணும். ஒரு சொம்பு உப்புத் தண்ணி, மணிக்கு ஒரு தடவை. அப்புறம் விளக்கெண்ணெய்."

அதோடு விட்டாரா? விஷம் சாப்பிட்டவர்களைத் தனியாக வைக்க வேண்டுமாம். இடம் இருந்தது கப்பலின் மூக்கில், கீழ்த்தளத்தில். மேலே ஒரு முழம் ஆடினால் அங்கே ஒரு பனைமரம் ஆடும். முப்பத்தொரு பேரும் ஆளுக்கொரு வாளியோடு வரிசையாகப் படுத்தார்கள். வாளிகளைக் கழுவிக் கொண்டுவந்து வைக்க ஒரு அம்மாள் இருந்தாள். வந்த அரை நாளில் அவளுக்கு வாளிக்காரம்மா என்று பெயர் வந்துவிட்டது. கப்பல் எப்படி ஆடினாலும் கையில் ஆறு வாளியோடு சும்மா நடந்து போவாள். போகிற போக்கில் மனைவியோடு பேச்சு வேறு.

மறுநாள் காலையில் மனைவி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். காதோடு சொன்னாள்.

"ஏங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். டாக்டர்கிட்ட அந்த மாத்திரை ஒண்ணு கேட்டு வாங்கட்டுமா?"

அன்பாகத்தான் கேட்டாள். வேறு ஆளாக இருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கிட்டு வா தாயே" என்று அழுதிருப்பான். இவரா? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே!

"உன்னை மாதிரி என்னை நினைச்சியா? ரெண்டாவது ஸ்டாப்புல இறங்கறவ எனக்கு மாத்திரை வாங்கித் தராளாம்! போ, போய் உன் உடம்பைப் பாத்துக்கோ."

அவள் எழுந்து போய்விட்டாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு யோசனை வருவதுதான் ஆபத்து. சுவரைப் பிடித்து, படிக்கட்டைப் பிடித்து, ஒரு இடத்தில் அறிமுகமில்லாத ஒருவரின் தோளையும் பிடித்து, டாக்டர் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"டாக்டர், அந்தக் கடல் மயக்க மாத்திரை ஒண்ணு வேணும். எனக்கில்ல, எங்க வீட்டம்மாவுக்கு. பாவம், அவளுக்கு எந்த வண்டியும் ஒத்துக்காது. படுத்த படுக்கையா கிடக்கறா."

"அடடா! கையில குடுக்கற வழக்கம் இல்ல. நானே வந்து பாத்துக் குடுக்கறேன், வாங்க."

"நீங்க எதுக்கு சிரமப்பட்டுக்கிட்டு..."

டாக்டர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

படுத்த படுக்கையாகக் கிடந்தவள் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு, ஒரு ஆப்பிளைக் கடித்தபடி அலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்களுக்கு ரொம்ப முடியலைன்னு சார் சொன்னாரு. இதைப் போட்டுக்குங்க."

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டருக்குப் பின்னால், கண்ணாலும் புருவத்தாலும் வேலை செய்துகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். முழுங்காதே, வாங்கி வைத்துக்கொள், எனக்குக் கொடு என்று அந்தப் புருவம் கெஞ்சியது. அவளுக்குப் புரியவில்லையோ, புரிந்ததோ. ஆப்பிளை மடியில் வைத்துவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"நல்லதும்மா. ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் நானே வந்து குடுக்கறேன்" என்று டாக்டர் போனார்.

"எனக்காகவா வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள் அவள். "எவ்வளவு அக்கறை!"

அதற்குள் இன்ஸ்பெக்டர் கைப்பிடிச் சுவர்மேல் குனிந்திருந்தார்.

அன்று பிற்பகல் கேப்டனே கீழே இறங்கி வந்தார். பின்னால் சமையல்காரர், கண் சிவந்து நின்றார்.

"சார், முப்பத்தொரு பேர் விஷயம். துறைமுகத்துக்கு நான் தகவல் சொல்லணும். சொல்லிட்டா இவரு வேலை போயிடும். அதனால கடைசியா கேக்கறேன். கடல் மயக்கமா இருந்தா சொல்லிடுங்க. தப்பே இல்ல. எனக்கே முதல் வருஷம் இருந்துச்சு. இத்தோட விட்டுடலாம்."

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு எப்படி வழி விடுவது? இன்ஸ்பெக்டர் சமையல்காரரைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று உறுத்தி மேலே வந்தது. மனசாட்சியாகத்தான் இருக்கும். அதையும் குமட்டல் என்று நினைத்து விழுங்கிவிட்டார். ஏனென்றால் வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"காகிதம் குடுங்க" என்றார்.

டிக்கெட் இல்லாத பிரயாணிகளைப் பற்றி ஆயிரம் ரிப்போர்ட் எழுதிய கை. படுத்தபடியே எழுதியது: "எனக்கு நேர்ந்த வாந்தி, மயக்கம் ஆகியவை மீனால் மட்டுமே ஏற்பட்டவை என்றும், கடல் மயக்கம் அல்லவே அல்ல என்றும், எனக்குக் கடல் மயக்கம் வருவதற்கான உடல்வாகே கிடையாது என்றும் உறுதிபடக் கூறுகிறேன்." கையெழுத்து, தேதி, நேரம், கீழே இரண்டு கோடு. எழுதி முடித்ததும் வாளியை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை. கரை தெரிந்தது. மரங்கள் தெரிந்தன, கட்டடங்கள் தெரிந்தன. ஆடாத, அசையாத, கெட்டியான தரை! இன்ஸ்பெக்டருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சட்டையை மாட்டி, தலையைச் சீவி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தளத்துக்கு வந்தார். கப்பல் நின்றது. கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி நின்றது.

கப்பல் ஓடும்போது ஆடியதெல்லாம் ஆட்டமே இல்லை. நங்கூரம் போட்டு நின்று ஆடியதே, அதுதான் ஆட்டம்.

ஒரு சிறு படகில் துறைமுகச் சுகாதார அதிகாரி ஏறி வந்தார். கையில் ஃபைல்.

"விஷ உணவு கேஸ் இருக்கற கப்பலை உள்ள விட முடியாது. நல்லா இருக்கறவங்க படகுல இறங்கலாம். மீன் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டவங்க கப்பல்லயே அஞ்சு நாள் தனியா இருக்கணும். யார் யாரு?"

தளத்தில் முப்பத்தொரு பேர் நின்றார்கள். ஒரு கைகூட எழவில்லை.

"எனக்கு வெறும் கடல் மயக்கம்தாங்க" என்றார், அப்பவே நினைத்தவர்.

"எனக்கும் அதேதான். மீனு அருமையா இருந்துச்சு" என்றார், வாயில் வைத்ததுமே ஒரு மாதிரி உணர்ந்தவர்.

"நாங்க சைவமுங்க" என்றார்கள் நாலு பேர், ரொம்ப அடக்கமாக.

டாக்டர் ஒவ்வொருவராகக் கண்ணை இழுத்துப் பார்த்து அனுப்பினார். முப்பது பேரும் அவர் தலையசைக்கும் முன்னாலேயே படகுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அதிகாரி ஃபைலைப் புரட்டினார்.

"கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தது ஒரே ஒருத்தர்தான். பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் யாரு?"

இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். ஐந்து நாள்! அந்த மூக்கு அறை, உப்புத் தண்ணீர், விளக்கெண்ணெய். பக்கத்தில் மனைவி நிற்கிறாள். நின்றால் நிற்கட்டும். மானமா, குடலா என்று வந்தபோது குடல் ஜெயித்தது.

"சார்..." குரல் அவருக்கே கேட்கவில்லை. "எனக்கும் கடல் மயக்கம்தான் சார்."

"என்ன சொன்னீங்க?"

"கடல் ஒத்துக்கலை சார்! முதல் நாள்லேருந்தே ஒத்துக்கலை! மீனுல ஒண்ணுமே இல்ல! சத்தியமா சார்!"

சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் கட்டிக் காத்த கோட்டையை ஒரு தளம் நிறைய ஜனங்கள் முன்னால் தன் வாயாலேயே இடித்துவிட்டார். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அதிகாரி அசரவில்லை. "எழுத்துல ஒண்ணு, வாயில ஒண்ணா? 'உடல்வாகே கிடையாது'ன்னு எழுதியிருக்கீங்க. இறங்கணும்னா எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க. கூட வந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"நான்தாங்க. அவர் வீட்டுக்காரி."

"நீங்க சொல்லுங்கம்மா. இவருக்கு இந்த மாதிரி மயக்கம் வர்றது உண்டா?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே பார்த்தார்.

"அவருக்கா?" என்றாள் மனைவி. "முப்பது வருஷம் ஓடுற பஸ்ல கம்பி பிடிக்காம நின்னவருங்க அவரு. மயக்கம்னா என்னன்னே தெரியாது. ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. வண்டி ஒத்துக்காதது எனக்குத்தாங்க."

"அப்ப சரி" என்று அதிகாரி ஃபைலை மூடினார்.

"அடியே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மனசைத் தளர விடாதீங்க. அஞ்சு நாள் ஓடிப் போயிடும். தங்கச்சிகிட்ட நீங்க விசாரிச்சதா சொல்றேன்" என்றாள். கயிற்று ஏணியில் விறுவிறுவென்று இறங்கி, குதித்துக் குதித்து ஆடிய படகில் போய் ஒரு கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். படகு கரை சேரும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

கப்பலில் நோயாளி ஒருவர். அவருக்குச் சமைத்துப் போடச் சமையல்காரர் ஒருவர். மத்தியானம் அவரே தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"மீனு சார்" என்றார். "ராத்திரிக்கும் மீனுதான்."

அவர் போனபிறகு இன்ஸ்பெக்டர் மல்லாந்து படுத்து யோசித்தார். கூரை ஏறி இறங்கியது. ஆனால் யோசிக்க யோசிக்க முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இறங்குவதற்காக நான் பொய் சொன்னேன் என்றுதானே எல்லாரும் நினைத்தார்கள்? அவளும் அப்படித்தானே நினைத்தாள்? அதுவும் அரசாங்க அதிகாரி முன்னால், வண்டி ஒத்துக்காதது தனக்குத்தான் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்! குடல் போனால் என்ன, மானம் மிஞ்சியது. ஐந்து நாள் கழித்து அதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கலாம். சகலை வீட்டில் சொல்வதற்குப் புதுக் கதைகூடக் கிடைத்துவிட்டது. மனிதர் சிரித்தேவிட்டார்.

வாளிக்காரம்மா புது வாளியோடு வந்தாள்.

"என்ன சார், சிரிக்கிறீங்க? கொஞ்சம் தேவலையா?"

"எனக்கென்ன? மீனு இறங்கினா சரியாயிடும்."

"உங்களுக்காச்சும் அஞ்சு நாள்ல முடிஞ்சிடும். எனக்கு லீவு விட்டதும் நாத்தனார் வீட்டுக்குப் போகணும். ஆறு மணி நேரம் பஸ்ல. நினைச்சாலே அலுப்பா இருக்கு."

"பஸ்ல போறதுக்கெல்லாம் ஒரு உடம்பு வேணும்மா" என்று இன்ஸ்பெக்டர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். குரல் பழையபடி கணீரென்று வந்தது. "எங்க வீட்டம்மாவைப் பாத்தீல்ல? எங்க அக்கா வீட்டுக்குப் போற பஸ்ல இருபத்திரண்டு வருஷமா ஏறறா. ஒரு நாளாவது ரெண்டாவது ஸ்டாப்பைத் தாண்டியிருப்பாளா?"

"தெரியும் சார், நாத்தனார் வீட்டுக்குப் போற பஸ்ல ஏறினதும் வாயில கைக்குட்டையை வச்சுக்கிட்டு ரெண்டு தடவை கண்ணைச் சொருகினா போதும், புருஷனே இறக்கி விட்டுட்டுப் போயிடுவாருன்னு உங்க வீட்டம்மா போறப்ப எனக்கும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாங்க" என்று வாளியை வைத்தாள் அவள். "அவங்களுக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்லையாமே!"